ஏர் ஃப்ரையரில் டொன்கட்ஸு: நிறம் முதலில், வேக்காடு அப்புறம்

ஏர் ஃப்ரையரில் டொன்கட்ஸு, அதாவது பன்றிக்கறித் துண்டில் ரொட்டித் தூள் பூசிப் பொரிக்கும் ஜப்பானியப் பண்டம், செய்து பார்த்திருக்கிறீர்கள். 200 டிகிரியில் 18 நிமிடம் வைத்தும் மேலே திட்டுத் திட்டாக வெள்ளை போகவில்லை, கறி விறைத்துவிட்டது, கத்தி வைத்ததும் மேல்தோடு மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் இது வரவே வராதா என்பது உங்கள் கேள்வி.

வரும். நன்றாகவே வரும். பன்றிக் கொழுப்பில் பொரித்துக் கொடுக்கும் கடை டொன்கட்ஸுவுக்கு ஈடாகுமா என்றால் ஆகாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் வெளியே மொறுமொறுவென்று, உள்ளே சாறு நிற்கிற மாதிரி, செவ்வாய்க்கிழமை ராத்திரி அலுவலகம் முடிந்து வந்து செய்து சாப்பிடுகிற அளவுக்கு வரும். எண்ணெய்ச் சட்டிக்கு எழுதிய செய்முறையை அப்படியே ஏர் ஃப்ரையருக்குள் தள்ளியதுதான் பிசகு. உங்கள் மூன்று புகாருக்கும் வேர் ஒன்றே. எண்ணெயில் நிறமும் வேக்காடும் சேர்ந்தே வரும், காற்றில் அப்படி வராது. அதனால் இரண்டையும் பிரித்துவிடுங்கள். நிறத்தை வாணலியில் முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள். கறியை வேகவைக்கும் வேலையை மட்டும் ஏர் ஃப்ரையரிடம் கொடுங்கள்.

ஏன் என்று தெரிந்தால் கை தானாகச் சரியாகச் செய்யும், அதனால் இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 170 டிகிரி எண்ணெயில் இறங்கும் துண்டை எண்ணெய் எல்லாப் பக்கமும் தொடுகிறது, ரொட்டித் தூளின் பொடிப் பொடித் துவாரங்களுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அதே சூட்டில் இருக்கும் காற்றை விடப் பல மடங்கு வேகமாக எண்ணெய் சூட்டைக் கடத்தும். ஐந்தாறு நிமிடத்தில் மேலே பொன்னிறம். 2 செ.மீ. கனமுள்ள கறி வேகவும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆகும். அந்தப் பொருத்தத்தின் மேல்தான் பழைய செய்முறை முழுக்க நிற்கிறது.

ஏர் ஃப்ரையரின் பெயரில்தான் பொரியல் இருக்கிறது. மேலே சூடேற்றும் கம்பிச்சுருள், அதன் பக்கத்தில் விசிறி, கீழே ஓட்டைக் கூடை, அவ்வளவுதான். 2010-ல் பிலிப்ஸ் அந்தப் பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது, விசிறி வைத்த சின்ன ‘அவன்’ அடுப்பு என்பதே அதற்குப் பொருத்தமான விவரணை. அதற்குள் உலர்ந்த ரொட்டித் தூளை வைத்தால், எண்ணெய் பட்ட இடம் மட்டும் சிவக்கும், படாத இடம் வெளுத்தே கிடக்கும். நீங்கள் பார்த்த திட்டுகள் அவை. அந்த வெள்ளை போகட்டும் என்று காத்திருக்கிறோம். அதற்குள் கறியின் நடுப்பகுதி 80 டிகிரியைத் தாண்டிவிடுகிறது, சாறெல்லாம் பிழிந்து வெளியே வருகிறது. வெளியே வந்த ஈரமும் ஆவியும் கறிக்கும் மேல்தோட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தோட்டைத் தூக்கிவிடுகின்றன.

நானும் இதைத்தான் செய்தேன். முதல் தடவை எண்ணெய் தெளிப்பானை வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து திறந்து அடித்தேன். ஒட்டாமல் கிடந்த தூள் விசிறிக் காற்றில் கிளம்பி மேலே சிவந்திருந்த கம்பிச்சுருளில் போய் ஒட்டியது. வீடு முழுக்கக் கருகல் வாடை, தட்டில் வெள்ளைத் திட்டு போட்ட கட்லெட். அப்புறம் இன்னொன்று: அழுத்த டப்பாவில் வரும் எண்ணெய் ஸ்ப்ரேக்களைக் கூடைமேல் அடிக்காதீர்கள். அவற்றில் சேர்க்கும் லெசித்தின் போன்றவை ஒட்டாப் பூச்சின் மேல் பிசினாகப் படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது.

கட்லெட் என்று சொன்னதும் நமக்கு ரயிலில் விற்கும் உருளைக்கிழங்கு கட்லெட்தான் நினைவுக்கு வரும். சொல் அதேதான். ‘டொன்’ என்றால் பன்றி, ‘கட்ஸு’ என்பது ‘கட்ஸுரெட்ஸு’வின் சுருக்கம், அதுவோ கட்லெட் என்ற சொல் ஜப்பானிய நாக்கில் புரண்ட விதம். நம்மிடம் வந்த கட்லெட் மசித்துத் தட்டிய பண்டமாகிவிட்டது, அவர்களிடம் போனது முழுத் துண்டு இறைச்சியாகவே நின்றுவிட்டது. ‘கட்ஸு’ என்ற ஒலிக்கு ஜெயிப்பது என்றும் ஒரு பொருள் உண்டு என்பதால், தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகொடுக்கும் அம்மாக்கள் அங்கே நிறைய.

சரி, தூளுக்கு வருவோம். பாதி வெற்றி இதில்தான். நம் ஊர்க் கடையில் கட்லெட்டுக்கு என்று விற்கும் ரஸ்க் தூள் இதற்கு ஆகாது. அது மாவு மாதிரி நைஸாக இருக்கும். கறியில் பூசினால் இறுகிய ஓடாகிவிடும், மொறுமொறுப்பு வராது. வேண்டியது பான்கோ. ‘கோ’ என்றால் தூள். ‘பான்’ என்றால் ரொட்டி, போர்த்துகீசியர் ஜப்பானுக்குக் கொண்டுபோன சொல். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்கிறார்களே, அதுவும் அதே போர்த்துகீசியர் விட்டுப்போனதுதான். பான்கோவின் சிறப்பு அதன் வடிவம். தூள் என்பதை விடச் செதில் என்று சொல்லலாம். ஒன்றோடொன்று படியாமல் குத்திட்டு நிற்கும், நடுவே காற்று இருக்கும். ஜப்பானில் இதற்கென்றே மாவுக்குள் மின்சாரம் பாய்ச்சி, பழுப்பு ஓரமே இல்லாமல் வேகவைக்கும் ரொட்டி வகை ஒன்று உண்டு. அதைத் துருவினால் வெள்ளை வெளேரென்று வரும்.

பான்கோ கிடைக்காவிட்டால் கவலையில்லை. முந்தைய நாள் வாங்கிய வெள்ளை பிரெட்டில் ஓரத்தை வெட்டிவிட்டு, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, தேங்காய் துருவுகிற மாதிரி பெரிய கண் உள்ள துருவியில் துருவுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம், பொடியாகிவிடும். ஜப்பானில் நல்ல டொன்கட்ஸு கடைகள் பல உலர்ந்த தூளை விட இப்படி ஈரமுள்ள பச்சைப் பான்கோவைத்தான் விரும்புகின்றன. வறுக்கும்போது அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்.

இரண்டு துண்டுக்கு 60 கிராம் பான்கோ, ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். வாணலியில் எண்ணெய் ஊற்றி, சூடேறும் முன்பே தூளைக் கொட்டி, விரலால் பிசிறிவிடுங்கள். புட்டு மாவுக்குத் தண்ணீர் தெளித்துப் பிசிறுவோமே, அதே கை. எல்லாச் செதிலிலும் எண்ணெய் பட்டால்தான் எல்லாம் ஒரே மாதிரி சிவக்கும். மிதமான தீ. முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காது, அடுப்பை ஏற்றத் தோன்றும், ஏற்றாதீர்கள். அப்புறம் ரஸ்க் வாசனை மெல்லக் கிளம்பும், ஓரத்தில் இருப்பது தேன் நிறத்துக்கு வரும். அந்த நொடியிலிருந்து கரண்டி நிற்கக் கூடாது, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கடைசியில் எந்த நிறம் வேண்டுமோ அதற்கு ஒரு படி முன்னாலேயே தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலிச் சூட்டிலேயே விட்டால் அது தொடர்ந்து சிவக்கும், ஏர் ஃப்ரையருக்குள்ளும் இன்னும் கொஞ்சம் ஏறும். பன்றிக் கொழுப்பு கைவசம் இருந்தால் எண்ணெயில் ஒரு டீஸ்பூனைக் குறைத்து அதைப் போடுங்கள். கடை வாசனை எங்கிருந்து வருகிறது என்று அப்போது தெரியும்.

தூளை இப்படி முன்பே வறுப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. எண்ணெய்ச் சட்டி வைக்க மனமில்லாத ஜப்பானிய வீடுகளில் அவன் அடுப்புக்கோ டோஸ்டருக்கோ இப்படித்தான் வறுத்துக்கொள்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் இது பழைய வழிக்கே திரும்புவதும்தான். டோக்கியோ கின்ஸாவில் 1895-ல் தொடங்கிய ரெங்காதேய் என்ற மேலைநாட்டு உணவகம்தான் பன்றி கட்லெட்டை 1899 வாக்கில் எண்ணெயில் முக்கிப் பொரிக்கத் தொடங்கியது. அதுவரை கட்லெட் என்பது பிரெஞ்சு முறைப்படி வெண்ணெயில் வாட்டி அவன் அடுப்பில் வைத்து எடுப்பதாக இருந்தது. மீனையும் காய்கறியையும் மாவில் தோய்த்து டெம்புரா பொரிக்கிற மாதிரி இதையும் பொரித்தால் என்ன என்று அவர்கள் யோசித்ததில் வந்ததுதான் இன்றைய உருவம்.

கறிக்கு இரண்டு வகைத் துண்டுகள் பொருந்தும். முதுகுப் பகுதியான லாயினை அவர்கள் ‘ரோஸு’ என்பார்கள். ஒரு ஓரத்தில் கொழுப்புப் பட்டை இருக்கும், சுவை அதிகம். இடுப்புப் பகுதியின் உள்கறியான டெண்டர்லாயின் ‘ஹிரே’. கொழுப்பே இருக்காது, மெத்தென்று இருக்கும், சீக்கிரம் உலரும். ஏர் ஃப்ரையருக்கு முதலில் ரோஸுவில் தொடங்குங்கள், தப்பு செய்தாலும் மன்னிக்கும். எலும்பில்லாமல், 1.5 முதல் 2 செ.மீ. கனத்தில், ஒரு துண்டு 150 கிராம் வருகிற மாதிரி கடைக்காரரிடம் வெட்டித் தரச் சொல்லுங்கள். மெல்லிய துண்டு வாங்காதீர்கள், காற்றில் வேகிற நேரத்துக்கு அது தாங்காது. கொழுப்புப் பட்டை அரை செ.மீ.க்கு மேல் இருந்தால் சீவிவிடுங்கள். எண்ணெயில் அது உருகும், இங்கே அவ்வளவாக உருகாது, வாயில் ரப்பர் மாதிரி மாட்டும்.

கறிக்கும் கொழுப்புக்கும் நடுவே வெள்ளையாக ஒரு சவ்வு ஓடும். கத்தி முனையால் அதை இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக நாலைந்து இடத்தில் குறுக்கே வெட்டிவிட வேண்டும். ‘சுஜிகிரி’ என்பார்கள். இதை விட்டுவிட்டால் சூடு பட்டதும் சவ்வு சுருங்கி, துண்டு கிண்ணம் மாதிரி வளைந்துகொள்ளும். வளைந்தால் மேல்தோடு விரிசல் விடாமல் என்ன செய்யும்? அப்புறம் கத்தியின் முதுகால் இரண்டு பக்கமும் லேசாகக் கொத்திவிட்டு, பரந்துபோனதைக் கையால் மறுபடி பழைய வடிவுக்கு ஒதுக்குங்கள்.

நேரம் இருந்தால் அரை லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கறியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். எண்ணெயில் பொரிப்பதற்கு இது கட்டாயம் இல்லை. காற்றில் வேகவைக்கும்போது, அதுவும் ஹிரே என்றால், வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஊறவைத்தால் மேலே உப்பு போட வேண்டாம், மிளகுத்தூள் போதும். எடுத்த பிறகு துணியிலோ காகிதத்திலோ ஒற்றி ஈரத்தைச் சுத்தமாக எடுங்கள். மேல்தோடு கழல்வதற்குப் பாதிக் காரணம் இந்த ஈரம்தான்.

மீதிப் பாதி, ஒட்டவைக்கும் விதம். மைதா, முட்டை, பான்கோ என்ற மூன்று தட்டு வரிசைதான் எல்லோருக்கும் தெரிந்தது. வறுத்த தூளில் எண்ணெய் இருப்பதால் பச்சைத் தூள் அளவுக்கு அது பிடிக்காது, வெறும் முட்டை போதாது. ஜப்பானில் ‘பாட்டா எகி’ என்று ஒரு குறுக்குவழி உண்டு: முட்டையையும் மாவையும் ஒன்றாக அடித்த கரைசல். ஒரு முட்டை, 4 மேசைக்கரண்டி மைதா, ஒன்றரை மேசைக்கரண்டி தண்ணீர். பஜ்ஜி மாவை விடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். கறிமேல் முதலில் மைதாவைத் தூசியாகத் தூவித் தட்டிவிடுங்கள், கரைசலில் முக்குங்கள், சொட்டுவது நின்றதும் வறுத்த தூளில் போடுங்கள். மேலேயும் தூளைக் குவித்து உள்ளங்கையால் அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, அழுத்த வேண்டும். ஓரங்களை மறக்காதீர்கள், சாறு கசிவது அங்கேதான். பூசிய துண்டை ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், விசிறிக்குப் பறப்பதும் குறையும்.

ஏர் ஃப்ரையரை 180 டிகிரியில் ஐந்து நிமிடம் காலியாகச் சூடாக்குங்கள். 200 வேண்டாம், நிறம்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே. துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். 4 லிட்டர் கூடையில் இரண்டுக்கு மேல் அடைக்க முயலாதீர்கள். அடியில் காகிதம் விரிப்பவர்கள் உண்டு. கழுவும் வேலை மிச்சம்தான், ஆனால் கீழே காற்று போகாமல் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடும். 7 நிமிடம் கழித்துத் தட்டையான கரண்டியால் ஒரே ஒரு முறை திருப்புங்கள். இடுக்கி பட்டால் தூள் பெயரும். 1.5 செ.மீ. துண்டுக்கு மொத்தம் 10 முதல் 12 நிமிடம், 2 செ.மீ. என்றால் 12 முதல் 14.

நிமிடக் கணக்கை ரொம்ப நம்பாதீர்கள். ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மாதிரி. டோக்கியோவில் டொன்கட்ஸு கடைகளில் சமையல்காரருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடும் இடம் இருக்கும். நான் அங்கே இருந்த காலத்தில் அடிக்கடி போய் உட்கார்ந்த ஒரு கடையில், பெரியவர் சட்டியைப் பார்க்கவே மாட்டார். முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டே இருப்பார், காது மட்டும் சட்டியில். கறியின் ஈரம் குறையக் குறைய சடசடவென்ற சத்தம் மெலிந்து சன்னமாகும், அந்த நேரத்துக்குச் சரியாகக் கை போகும். ஏர் ஃப்ரையரில் கேட்பதற்கு விசிறிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நிறமும் உதவாது, அதைத்தான் முன்பே முடித்துவிட்டோமே. ஆகவே குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் செய்முறையில் கட்டாயம் வாங்க வேண்டிய சாமான் என்று நான் சொல்வது அது ஒன்றைத்தான். பக்கவாட்டிலிருந்து நடுக்கறி வரை செருகுங்கள்.

எந்தச் சூட்டில் எடுப்பது? அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு பன்றிக்கறிக்கு 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடம் ஆறவிடுதல் என்று சொல்கிறது. ஜப்பான் 2015-ல் பச்சைப் பன்றிக்கறி விற்பதைத் தடைசெய்தபோது அதை விடக் கண்டிப்பாக வைத்தது: நடுக்கறி 63 டிகிரியில் 30 நிமிடம், அல்லது அதற்கு ஈடான சூடு. 75 டிகிரி என்றால் 1 நிமிடம் போதும். நம்பிக்கையான கடையில் வாங்கிய கறியை நான் 66-ல் எடுப்பேன், ஆறும்போது 68 வரை போகும். அதில் கறி வெளிர் நிறத்தில், சாறோடு இருக்கும். எங்கே வளர்த்தது, எப்படி வெட்டியது என்று தெரியாத கறியென்றால் 75-ஐத் தொடட்டும். நாடாப்புழு விஷயத்தில் சாறைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்திருந்தால் 75-லும் அவ்வளவு மோசமாக இருக்காது.

எடுத்ததும் தட்டில் போடாதீர்கள், அடிப்பக்கம் ஆவியில் நமத்துப்போகும். கம்பி வலைமேல் நான்கு நிமிடம். அப்புறம் வெட்டுங்கள். கத்தியை முன்னும் பின்னும் இழுத்து அறுக்காமல், நேராக வைத்து ஒரே அழுத்தில் கீழே இறக்கினால் தோடு கழலாது. இரண்டு செ.மீ. பட்டைகளாக வெட்டித்தான் பரிமாறுவார்கள். குச்சியால் எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு மேசையில் கத்தி இருக்காதே.

பக்கத்தில் பச்சை முட்டைகோஸ் மலையாகக் குவிந்திருக்க வேண்டும். 1904-ல் ரஷ்யாவோடு போர் வந்து இளம் சமையல்காரர்கள் படைக்குப் போய்விட, காய்கறி வேகவைத்து வைக்க ஆள் இல்லாமல் பச்சைக் கோஸை நறுக்கி வைத்ததாக ரெங்காதேய் தன் கதையைச் சொல்லும். முடிந்தவரை மெலிதாகச் சீவி, ஐஸ் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, நன்றாக வடித்துவிடுங்கள்.

ஸாஸ் பாட்டில் கிடைத்தால் வாங்குங்கள். கெட்டியான டொன்கட்ஸு ஸாஸை முதலில் 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது கோபே நகரத்து ஆலிவர் நிறுவனம். கிடைக்காவிட்டால் 2 மேசைக்கரண்டி தக்காளி கெச்சப், 2 மேசைக்கரண்டி வூஸ்டர் ஸாஸ், ஒரு டீஸ்பூன் சோயா ஸாஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரை. கலக்கினால் போதும், காய்ச்ச வேண்டாம். ரொம்ப இனிப்பாகத் தோன்றினால் ஒரு டீஸ்பூன் கெட்டிப் புளிக்கரைசல் விடுங்கள். ஆங்கிலேயர்களின் வூஸ்டர் ஸாஸிலேயே புளி உண்டு, ஆகவே அத்துமீறல் ஒன்றும் இல்லை. வறுத்த எள்ளை அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக இடித்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கடுகு விழுது.

பன்றி சாப்பிடாதவர்கள் இதையே கோழி நெஞ்சுக்கறியில் செய்யலாம். கனம் சீராக இருக்கும்படி விரித்து வெட்டிக்கொள்ள வேண்டும், நடுக்கறி 74 டிகிரிக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே.

ஒரு துண்டு மிஞ்சினால் மறுநாள் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடு காட்டலாம், ஆனால் நான் அதைச் செய்வதில்லை. பெரிய வெங்காயத்தில் பாதியை நீளமாக நறுக்கி, 100 மி.லி. தாஷியிலும் (கடற்பாசி, உலர்ந்த மீன் ஊறிய சாறு) ஒன்றரை மேசைக்கரண்டி சோயாவிலும் அதே அளவு மிரினிலும் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) வேகவிட்டு, அதில் பழைய கட்ஸுவைப் போட்டு, மேலே இரண்டு முட்டையை அரைகுறையாக அடித்து ஊற்றி மூடி, முட்டை பாதி உறைந்ததும் சுடுசோற்றின் மேல் சரித்துவிடுவேன். கட்ஸுடொன் என்று பெயர். அதற்கு மொறுமொறுப்பு தேவையே இல்லை.